மாட்டுத்தலையும் வெறுந்தொப்பியும்

பார்க்டேல் மாடிக் கட்டடங்களில் என்னோடு ஒரே லிப்டில் ஏறி இறங்கி வளர்ந்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். இப்போது அஜின்கோர்ட், பிக்கரிங் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டோம். கொழுப்புக்கு ஒரு குளிசை, பிரஷருக்கு ஒரு குளிசை. சந்தித்தால் முதலில் முழங்காலைப் பற்றிப் பேசுகிறோம், பிறகுதான் பிள்ளைகளைப் பற்றி. போன மாதம் ஒரு பிறந்தநாள் விழாவில் உங்களில் ஒருத்தி என்னைப் பார்த்து, "நீ சின்ன வயசில கட்டைப் பாவாடை மாதிரி ஒண்டு போட்டுக்கொண்டு மேளம் அடிச்சனியெல்லோ?" என்று கேட்டாள். மேசையில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். என் மகனும் சேர்ந்து சிரித்தான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். சிரித்தவர்களும் வாசிக்கலாம்.

அது கட்டைப் பாவாடை அல்ல, ஸ்கொட்லாந்துக்காரர் உடுக்கிற கில்ட். மடிப்பு மடிப்பாகக் கம்பளித் துணியில் தைத்தது. மழையில் நனைந்தால் பக்கத்தில் ஆட்டுக்கூட்டம் நிற்பதுபோல மணக்கும். இடுப்பில் அது கடித்த கடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றபோது எனக்கு வந்த மிதப்பு, பிறகு கூறைச் சேலை கட்டியபோதுகூட வரவில்லை. என் கணவர் இதையெல்லாம் வாசிக்கமாட்டார் என்ற துணிவில் சொல்கிறேன்.

நாங்கள் கனடாவுக்கு வந்து முதல் குளிர் போய், இரண்டாவது குளிரும் போன பிறகு வந்த கோடை அது. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த தேவாலயத்தின் பேஸ்மென்டில் சனிக்கிழமைகளில் ஒரு ஸ்கொட்லாந்து வாத்தியக் குழு பயிற்சி செய்தது. பிள்ளைகள் யாரும் சேரலாம், உடுப்பும் அவர்களே இரவல் தருவார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அப்பாவுக்குப் பாண் பேக்கரியில் இரவு வேலை. காலையில் மா மணக்க வந்து படுப்பார். எங்களுக்கு இருந்ததோ ஒரே ஒரு அறை. நான் வீட்டில் நின்றால் அவருக்கு நித்திரை இல்லை. ஆகவே அப்பா சத்தமில்லாமல் நித்திரை கொள்ளவேண்டும் என்பதற்காக அம்மா என்னை மேளம் அடிக்க அனுப்பினா. இப்படி ஒரு காரணத்துக்காக வேறு யாரும் சங்கீதம் படித்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

அந்தப் பேஸ்மென்டின் வாசனையை யாராவது போத்தலில் அடைத்து விற்றால் இன்றைக்கும் வாங்குவேன். பழைய கம்பளி, பித்தளை துடைக்கிற எண்ணெய், ஈரச் சுவர், பெரிய பானையில் கொதித்துக் கொதித்துக் கறுத்த தேநீர். ஒரு பக்கத்தில் பெரிய பிள்ளைகள் பேக்பைப் என்ற தோல்பை வாத்தியத்தைக் கக்கத்தில் இடுக்கி ஊதுவார்கள். முதல் மூச்சில் அது குரல்வளையை நெரித்த ஆடு மாதிரிக் கத்தும், பிறகுதான் பாட்டு வரும். மேளக்காரர்களாகிய எங்களுக்கு முதல் சில வாரங்களுக்கு மேளமே இல்லை. இறப்பர்த் தட்டு ஒன்றும் இரண்டு தடிகளும்தான். அந்தத் தடிகளை நான் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன். அவை பிறகு எந்த வீடு மாறும்போது தொலைந்தன என்று தெரியவில்லை.

எங்களுக்குப் பழக்கியவரை எல்லாரும் பாண்ட் மாஸ்ரர் என்போம். கிழமை நாட்களில் குவீன் தெருவில் ஸ்ட்றீட்கார் என்கிற ட்ராம் வண்டி ஓட்டுபவர். அந்த வேலைத் தொப்பியோடுதான் பயிற்சிக்கும் வருவார். அவருடைய ஆங்கிலம் எனக்கு மட்டுமல்ல, கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்கும் பாதிதான் விளங்கும். அந்த மண்டபத்தில் என்னை மற்றவர்களோடு சமமாக நிறுத்திய முதல் விஷயம் அதுதான்.

இடைவேளையில்தான் முக்கியமான அலுவல் நடக்கும். குழுவின் தொப்பி கவிழ்த்த வள்ளம் மாதிரி நீளமாக இருக்கும். பின்னால் இரண்டு நாடா தொங்கும். இடது பக்கத்தில் கறுப்பு நாடாவை மடித்துத் தைத்திருப்பார்கள். அதன் மேல் அவரவர் குடும்பச் சின்னத்தைக் குத்தவேண்டும். வெள்ளி நிறத்தில் ஒரு வட்டம், அதைச் சுற்றி இடுப்புப் பட்டியும் பூட்டும், பட்டியில் யாருக்கும் விளங்காத எழுத்து, நடுவில் ஒரு உருவம். தேநீரும் பிஸ்கட்டும் வந்தவுடன் பிள்ளைகள் தொப்பிகளை மேசையில் வரிசையாக வைத்து ஒப்பிடத் தொடங்குவார்கள். ஒருவனுக்குப் பின்னங்காலில் எழும்பி நிற்கும் காட்டுப்பூனை. ஒருத்திக்கு எரிகிற மலை. இன்னொருவனுக்குப் பன்றித்தலை. அவனைப் பார்த்து எல்லாரும் பன்றிபோல உறுமுவார்கள். எது பழையது, எது யாரை எந்தச் சண்டையில் வெட்டியது, பூனை பன்றியை வெல்லுமா என்று பெரிய வழக்கே நடக்கும். பாண்ட் மாஸ்ரரின் சின்னம் எது என்று பந்தயம் கட்டுவார்கள். அவருடைய நல்ல தொப்பியை நாங்கள் யாரும் கண்டதில்லை.

எனக்குப் பக்கத்தில் நின்று மேளம் அடித்தவள் மாட்டுத்தலைக்காரி. செம்பட்டைப் பின்னல், முழங்காலில் எப்போதும் ஒரு புதுக் காயம். அவளுடைய மாட்டுத்தலை நேர்கொண்டு பார்க்கும், கொம்பு இரண்டும் வட்டத்துக்கு வெளியே வந்துவிடுமோ என்பதுபோல. ஒரு நாள் அவள் என் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"உன்னுடையது எங்கே?" என்று கேட்டாள்.

"எங்களுக்கு இல்லை."

"எல்லாருக்கும் இருக்கும். உன் அப்பாவிடம் கேள்."

நான் கேட்கவில்லை. அப்பாவிடம் அப்படியான கேள்விகள் கேட்பதில்லை என்பது எனக்கு எப்படியோ தெரிந்திருந்தது. மூன்றாம் மாடியில் இருந்த வயதான அன்ரியை உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். லிப்டில் யார் ஏறினாலும் அவவுக்கு ஒரே கேள்விதான், ஊரில் எந்த இடம் என்று. ஒரு முறை அப்பாவும் நானும் மாட்டுப்பட்டோம்.

"தம்பி ஊரில எவடம்?"

"ரவுனுக்குக் கிட்டத்தான் அக்கா."

"ரவுனுக்குக் கிட்ட எண்டால்? எந்தக் கோயிலடி?"

லிப்டின் கதவு எந்த மாடியிலோ திறந்தது. அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். மிச்ச மாடிகளை நாங்கள் படியால் ஏறினோம். அன்ரிக்கு மரியாதையாக வழிவிட்டோம் என்றுதான் நான் நினைத்தேன்.

கோடை முடிவில் குவீன் தெருவில் ஒரு ஊர்வலம் இருந்தது. எங்கள் குழு முன்னால் போகும். புதுப் பிள்ளைகளில் நான் ஒருத்திதான் முன்வரிசைக்கு வந்திருந்தேன். அந்த இடத்துக்காக நான் இறப்பர்த் தட்டில் அடித்த அடியில் கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றால் தன் சீலிங்கைத் தட்டினார். எனக்கு அந்தக் கோடையில் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை. மாட்டுத்தலைக்காரிக்கு என் வெறுந்தொப்பி உறுத்தியது. முன்வரிசையில் தனக்குப் பக்கத்தில் நிற்பவள் வெறுமையாக நிற்பதாவது! ஒரு சனிக்கிழமை அவள் என் கையில் எதையோ அமுக்கினாள். அவளுடைய அம்மாவின் பிறந்தவீட்டுச் சின்னம். ஒரு கை, கையில் ஒரு வாள்.

"சும்மா பெட்டிக்குள் கிடக்கிறது. அம்மா ஓமென்று சொல்லிவிட்டார். நீ குத்திக்கொள்" என்றாள்.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் தொப்பியைப் போட்டு, சின்னத்தைக் குத்தி, இடமும் வலமும் திரும்பிப் பார்த்தேன். பிறகு பொறுக்கமுடியாமல் அப்பா எழும்பும்வரை காத்திருந்து அவருக்கு முன்னால் போய் நின்றேன்.

"உது என்ன தலையில?" என்று கேட்டார்.

"என்ர சிநேகிதியின்ர அம்மாவின்ர சின்னம். அங்க எல்லாருக்கும் ஒண்டு இருக்கப்பா. தொப்பியைப் பாத்தால் ஆர் என்ன ஆக்கள் எண்டு உடன தெரிஞ்சிடும்."

அப்பா எழும்பி உட்கார்ந்தார். "என்ன ஆக்கள் எண்டால்?"

"ஆர் எந்தக் கூட்டம் எண்டு. எனக்கு இல்லைத்தானே, அதுதான் இரவல் தந்தவள். இதைப் போட்டால் நானும் அவையின்ர ஆள் மாதிரி."

"கழட்டு."

"ஏனப்பா?"

"கழட்டு எண்டால் கழட்டு. இனி நீ அங்க போகத் தேவையில்லை. சாதியைத் தொப்பியில குத்திக்கொண்டு திரியிற சனத்துக்கு நடுவில என்ர பிள்ளைக்கு என்ன வேலை?"

அம்மா அடுப்படியிலிருந்து வந்தா. "மேளம் அடிக்கிறாள் எண்டதுக்கே நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. உந்தத் தகரத்துண்டுக்கு ஏன் இப்பிடிப் பாயிறியள்?"

"உமக்குமோ விளங்கேல்லை?" என்றார் அப்பா.

அம்மா அடுப்படிக்குத் திரும்பிப் போனா. அவவுக்கு விளங்கிவிட்டது. எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. நான் பாணைத் தொடமாட்டேன் என்று அறிவித்தேன். பேக்கரிக்காரர் வீட்டில் அது சின்ன எதிர்ப்பு அல்ல. மாட்டுத்தலைக்காரிக்கு ரெலிபோன் எடுத்து, அப்பா அடுத்த சனிக்கிழமை உடுப்பைத் திருப்பிக் கொடுக்க வருகிறார் என்று அழுதேன். அவளும் மறுமுனையில் என்னோடு சேர்ந்து அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, பாண்ட் மாஸ்ரரிடம் சொல்லிவைப்பதாகச் சொன்னாள்.

அந்தச் சனிக்கிழமை அப்பா வேலையால் வந்து படுக்கவில்லை. இரவல் வாங்கினதை ஆள் மூலம் கொடுத்துவிடுவது மரியாதை இல்லை என்பது அவர் கொள்கை. அகதி விசாரணைக்குப் போட்ட அதே வெள்ளைச் சேட்டைப் போட்டார். அம்மா கில்டை மடிப்புக் குலையாமல் மடித்துப் பையில் வைத்துத் தந்தா. அப்பாவுக்குப் பதிலாக ஆங்கிலம் பேச நான் போனேன். உங்களுக்கும் அந்த உத்தியோகம் இருந்திருக்கும். வீட்டுச் சொந்தக்காரரிடம் ஹீற்றர் வேலை செய்யவில்லை என்று சொன்னது, வைத்தியரிடம் அம்மாவின் வயிற்றுவலியைச் சொன்னது எல்லாம் நாங்கள்தானே. எதையும் பேசிவிடலாம் என்ற திமிர் எனக்கு இருந்தது.

மண்டபத்தில் அன்றைக்கு முழு உடுப்புப் பயிற்சி. எல்லாரும் வெள்ளைச் சப்பாத்துப் பட்டியோடு மினுங்கிக்கொண்டு நின்றார்கள். பாண்ட் மாஸ்ரரை முதல்முறையாக முழுக் கோலத்தில் கண்டேன். எங்களைக் கண்டதும் நேரே வந்தார்.

"நீங்கள் வருவீர்கள் என்று கேள்விப்பட்டேன்" என்றார். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அப்பாவுக்குக் கைகொடுத்தார். அந்தத் தொப்பியின் இடது பக்கம் எங்களைப் பார்த்தபடி இருந்தது. அதில் சின்னம் எதுவும் இல்லை. நான் அதைக் கவனித்ததே அப்பாவின் கண் அங்கே போய் நின்றதால்தான்.

"சொல்லு பிள்ளை, நாங்கள் நிப்பாட்டுறம் எண்டு."

சொன்னேன். ஏன் என்று கேட்டார் பாண்ட் மாஸ்ரர்.

அப்பா ஏன் என்று சொல்லவில்லை. எதிர்க்கேள்வி கேட்டார். "உவையின்ர சின்னத்தில எது மேல, எது கீழ எண்டு கேள்."

பாண்ட் மாஸ்ரர் யோசித்தார். தங்களுக்குள் வெட்டுக்குத்து நிறைய நடந்தது, ஒவ்வொருவனும் தான்தான் மேல் என்பான், இன்றுவரை அந்த வழக்கு முடியவில்லை என்றார்.

"ஒருத்தற்ற கோயிலுக்க மற்றவை போகலாமோ?"

போகலாம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை எழும்பத்தான் ஆளில்லை என்றார்.

"கலியாணம் கட்டலாமோ?"

பாண்ட் மாஸ்ரர் தேநீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்ற தன் மனைவியைக் காட்டினார். "என் பாட்டன் வீட்டு மாடுகளைத் திருடியது அவளுடைய கூட்டம்தான். இன்னும் ஒரு மாடும் திரும்பி வரவில்லை."

நான் சிரித்துச் சிரித்து அதைத் தமிழில் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை.

"ஒரே கோப்பையில எல்லாருக்கும் தேத்தண்ணி குடுப்பினமோ?"

இந்தக் கேள்வியை நான் ஆங்கிலத்தில் சொன்னபோது பாண்ட் மாஸ்ரருடைய முகம் மாறியது. எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று நான் சொன்ன சொற்களுக்குள் இருந்து அவருக்குக் கேட்டிருக்கவேண்டும். அவர் மெதுவாக, "ஓம். எல்லாருக்கும். ஏன் கேட்கிறார்?" என்றார்.

அப்பா மறுபடியும் அந்தத் தொப்பியைப் பார்த்தார். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினார். எங்கள் வீட்டில் ஒருநாளும் பேசாத குரல் அது.

"சொல்லு. என்ர அப்பாவை ஊர்க் கோயிலுக்க விடேல்லை எண்டு சொல்லு. வாசலுக்கு வெளியில நிண்டு கும்பிட்டவர். தேத்தண்ணிக் கடையில எங்களுக்கு வேற பேணி. வெளியில கொழுவியிருக்கும், நாங்கள்தான் கழுவி வைக்கவேணும். ஆர் என்ன ஆக்கள் எண்டு பாத்த உடன தெரியிற ஊரில இருந்து நான் வந்தனான். இஞ்ச ஒருதருக்கும் தெரியாது. என்ர பிள்ளைக்கும் தெரியாது. தெரியக்கூடாது எண்டுதான் இவ்வளவு தூரம் கொண்டு வந்தனான்."

நான் பேச வாயெடுத்தேன். அப்பா "என்ர அப்பா" என்று சொன்னதை ஆங்கிலத்தில் "என் அப்பப்பா" என்று தொடங்கினேன். அப்படிச் சொன்ன பிறகுதான் அது என் கதை என்று விளங்கியது. நடுவில் நின்றுவிட்டேன். அப்பா என் தலையில் கையை வைத்தார். "சொல்லு, பரவாயில்லை" என்றார். முழுவதையும் சொன்னேன். பேணிக்கு, அந்தத் தகரக் குவளைக்கு, ஆங்கிலம் தெரியாமல் கையால் காட்டினேன்.

எந்தச் சாதி என்று இங்கே எழுதமாட்டேன். அறிய வேண்டும்போல் இருந்தால் உங்கள் கையை நீங்களே கிள்ளிக்கொள்ளுங்கள்.

பாண்ட் மாஸ்ரர் ஐயோ பாவம் என்று சொல்லவில்லை. அதற்காகவே அவருக்கு நான் கடமைப்பட்டவள். பக்கத்தில் நின்ற மாட்டுத்தலைக்காரியைக் கூப்பிட்டு அவளுடைய தொப்பியை வாங்கி அப்பாவிடம் காட்டினார்.

"இந்த மாட்டுத்தலை இவளுடையது இல்லை. அவர்களுடைய தலைவனுடையது. அதனால்தான் சுற்றிவரப் பட்டியும் பூட்டும். நான் இவரோடு நிற்கிறேன் என்று அர்த்தம். அவ்வளவுதான். உங்கள் மகள் யாரோடு நிற்பது என்று அவளே பார்த்துக்கொள்ளட்டும்."

"ஒருதரோடயும் நிக்காட்டி?" என்றார் அப்பா.

"அப்படியென்றால் வெறுந்தொப்பி. அதுவும் தொப்பிதான். மேளத்துக்கு அது தெரியாது."

அதற்குள் அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்தார். பச்சைக் கரை வைத்த மண்டபத்துக் கோப்பை, எல்லாரும் குடிக்கிற அதே கோப்பை. அப்பா நின்றபடியே அந்தக் கறுத்த, நாக்கில் துவர்க்கிற தேநீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். கோப்பையைக் கழுவ இடம் தேடினார். அந்த அம்மா சிரித்துக்கொண்டு அதை அவர் கையிலிருந்து வாங்கிவிட்டார். பிறகு அப்பா பையை என்னிடம் நீட்டினார்.

"போய் உடுத்திக்கொண்டு வா. நான் இருந்து பாக்கிறன்" என்றார். சொன்னபடி கதிரையில் உட்கார்ந்தார். நாங்கள் அத்தனை மேளமும் அடிக்க, வாயைத் திறந்தபடி நித்திரை கொண்டார்.

வீடு திரும்பும்போது லிப்டில்தான் ஏறினோம். எங்கள் மாடிவரை போனோம்.

ஊர்வலத்தன்று நான் வெறுந்தொப்பியோடு முன்வரிசையில் நடந்தேன். மாட்டுத்தலைக்காரியும் எனக்குத் துணையாகத் தன் சின்னத்தைக் கழற்றினாள் என்று எழுத ஆசைதான். ஆனால் அவள் கழற்றவில்லை. "காலையில் இருந்து தேய்த்து மினுக்கியிருக்கிறேன், கழற்றுவேனா?" என்றாள். அவளுடைய இரவல் சின்னத்தை நான் திருப்பிக் கொடுத்ததில் அவளுக்குக் கொஞ்சம் மனத்தாங்கலும் இருந்தது. ஆனால் முழு வழியும் எனக்காகக் கால் எண்ணிக்கொண்டு வந்தாள், நான் பிசகினபோது முழங்கையால் இடித்தாள். அதைவிடப் பெரிய துணை எனக்குத் தேவைப்படவில்லை. எங்களுக்கு முன்னால் பாண்ட் மாஸ்ரர் நடந்தார். அவருடைய தொப்பியிலும் ஒன்றும் இல்லை.

எங்கள் கட்டடத்துச் சனம் நடைபாதையில் நின்றது. அப்பா, அம்மா, அவர்களுக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடி அன்ரி. அங்கே நடந்ததை அம்மா பிறகு எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறா. அன்ரி கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாவாம்.

"தம்பி, எல்லாப் பிள்ளையளின்ர தொப்பியிலயும் என்னவோ மினுங்குது. உங்கட பிள்ளைக்கு மட்டும் ஏன் ஒண்டும் இல்லை?"

"எங்கட பிள்ளை எண்டு தூரத்திலயே தெரியவேணுமெல்லோ அக்கா" என்றாராம் அப்பா.

அந்த அன்ரியைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஊரில் எவடம் என்று கேட்டவர்களில் பலர் எதற்காகக் கேட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் அவவுடைய தம்பி ஒருவர் ஊரில் காணாமல் போயிருந்தார். புதிதாக வருகிற யாராவது அந்தப் பக்கத்து ஆளாக இருந்து, அவரைக் கண்டேன் என்று சொல்லமாட்டார்களா என்றுதான் லிப்டில் எல்லாரையும் பிடித்துக் கேட்டிருக்கிறா. அவவின் செத்தவீட்டில்தான் இது எங்களுக்குத் தெரிந்தது. அப்பா அன்றைக்கு வெகுநேரம் அவவின் காலடியில் நின்றார்.

நான் வேலைக்குப் போகத் தொடங்கிய காலத்தில் ஒரு நாள் குவீன் தெரு ஸ்ட்றீட்காரில் பாண்ட் மாஸ்ரரைக் கண்டேன். ஓய்வுபெற்றுவிட்டார், இப்போது அவரும் பயணிதான். ஆனாலும் ஓட்டுநர் பிரேக் பிடிக்கும்போதெல்லாம் அவருடைய காலும் நிலத்தை அழுத்தியது. அப்பாவைச் சுகம் விசாரித்துவிட்டு, ஒரு கதை சொல்லவேண்டும் என்றார்.

"உன் அப்பா வந்த அன்று காலையில் என் சின்னத்தின் ஊசி முறிந்துவிட்டது. சின்னம் என் பைக்குள் கிடந்தது. அவர் என் தொப்பியைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். நானும் ஒன்றுமில்லாதவன் என்று நினைத்துத்தான் மனதைத் திறக்கிறார் என்று எனக்கு விளங்கியது. அதற்குப் பிறகு அதை எடுத்துக் குத்த மனம் வரவில்லை."

"பிறகு எப்போதுமா?"

"உன் அப்பா வருகிற நாட்களில் மட்டும் என்றுதான் முடிவெடுத்தேன்."

"அவர் எல்லா ஊர்வலத்துக்கும் வந்தாரே!"

"ஓம்" என்றார். "அதுதான் சிக்கலாகிவிட்டது."

நாங்கள் சிரித்த சிரிப்பில் முன்சீற்றில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். உங்கள் சின்னம் என்ன என்று கேட்டேன். கண்ணை மூடி நித்திரை கொள்கிற ஒரு கொக்கு என்றார். நாங்கள் கட்டிய பந்தயம் அத்தனையும் தோற்றது. இதை அப்பாவிடம் சொல்லவேண்டாம் என்று அவர் கேட்கவில்லை. நானாகத்தான் சொல்லவில்லை. தன்னைப் போல ஒருவர் என்று அப்பா நம்பி ஆறுதலடைந்த இடத்தில் நான் ஏன் கை வைக்கவேண்டும்?

பாண்ட் மாஸ்ரர் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. அப்பா இப்போது பிக்கரிங்கில் எங்களோடு இருக்கிறார். அந்தப் பிறந்தநாள் விழாவுக்கு அடுத்த நாள் பின்னேரம், பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்த கதையை அவருக்குச் சொன்னேன். பேச்சுவாக்கில், இனிச் சொன்னால்தான் என்ன என்று தோன்றியது.

"அப்பா, பாண்ட் மாஸ்ரருக்கும் ஒரு சின்னம் இருந்தது, தெரியுமோ?" என்றேன்.

"தெரியும்" என்றார்.

"எப்பிடித் தெரியும்?"

"தொப்பியைப் பாத்தன்தானே. அந்தக் கறுப்பு நாடா வெயிலில வெளிறிக் கிடந்தது. நடுவில மட்டும் வட்டமாக் கறுப்பு. கனகாலம் ஒண்டு இருந்த இடம் பிள்ளை அது."

"அப்ப அவருக்கு இருக்கு எண்டு தெரிஞ்சுகொண்டோ அவ்வளத்தையும் சொன்னனீங்கள்?"

அப்பா தேநீரை மேசையில் வைத்தார்.

"நான் வாறன் எண்டு கேள்விப்பட்டவர் எண்டு அவரே சொன்னவரெல்லோ. எனக்கு முன்னால வர முதல் கழட்டிப்போட்டு வந்திருக்கிறார். ஊரில மேல்சாதி ஆக்களைக் கண்டால் நாங்கள் சால்வையைத் தோளால எடுத்துக் கக்கத்துக்க வைக்கவேணும். என்ர அப்பா வைச்சதைக் கண்டனான். நானும் வைச்சனான். எனக்கு முன்னால ஒருத்தர் கழட்டிக்கொண்டு நிண்டது அண்டைக்குத்தான். அதாலதான் எனக்கு வாய் திறந்தது."

சொல்லிவிட்டு அப்பா தேநீரை மறுபடியும் கையில் எடுத்தார். ஊசி முறிந்த கதை என் நாக்கு நுனிவரை வந்தது. அதைத் தேநீரோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். என் வாழ்க்கையில் நான் நன்றி சொல்லவேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பலருக்குச் சொல்லியும் இருக்கிறேன். ஆனால் அன்றைக்குக் காலையில் ஒரு சின்ன ஊசி முறிந்ததே, அதற்கு நான் யாரிடம் போய் நன்றி சொல்ல?